இல்லமும் இன்னொலியும்
(சுவரினுள் ஒலிபெருக்கி பதிக்கும் முறை)

ஐம்புலன்களுள் செவிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. காண வேண்டாததைக் காணாதவாறு கண்ணை இமையால் மூடிக்கொள்ளலாம். செவிக்கு அங்ஙனம் ஒரு கதவினை இயற்கை அமைத்திலது. திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தமைக்கும் செவிச்செல்வத்தின் பெருமையே காரணமாம். ஆதலின், ஒரு வீட்டில் எழும் ஒலி நல்லொலியாயின் அவ்வீட்டார் அனைவர்க்கும் இன்பம். அன்றாயின் அனைவர்க்கும் இடர். ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் அயலார்க்கும் இடர்.

தென்னாட்டில் வானொலி 1924-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு கழகத்தாரால் தொடங்கப்பெற்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் பிறந்தது. அக்காலத்து வானொலிப் பெட்டி கூடத்தின் ஒரு பலகைமேல் வீற்றிருக்கும். வீட்டார் அதனைச் சூழ்ந்திருப்பர். ஒலி சரியாகக் கேளாவிடின் பெட்டியை இரண்டடி நகர்த்தினாற் போதும். இக்காலத்திலோ ஒலிபெருக்கியைச் சுவரினுள்ளே பதித்து, கம்பியைப் பூச்சினுள் மறைத்து, முகப்பு மட்டும் தெரியுமாறு அமைக்கின்றனர். அறையில் இடம் மிச்சமாகிறது, கண்ணுக்கும் அழகாகிறது. ஆனால், பெட்டியை நகர்த்தலாம்; சுவரை நகர்த்த இயலுமோ? கொத்தனாரின் உளி பட்ட இடத்தில் பிழையிருப்பின், பூச்சு, வர்ணம், பணம் அனைத்தும் பிழையாய் முடியும். பழைய வீடாயின் சுவரின் வலிமையே குன்றவும் கூடும்.

ஆகவே, இப்பணியில் ஒரு முறை உண்டு. முதலில் அறையை ஆராய வேண்டும். அதன்பின் ஒலிபெருக்கியின் இடத்தைத் துணிய வேண்டும். மூன்றாவதாகச் சுவரை நோக்க வேண்டும். கம்பி இறுதியில் வரவேண்டும். பலரும் இம்முறையைத் தலைகீழாகச் செய்கின்றனர். மின்பணியாளர் கம்பியை எளிதாகக் கொண்டுசெல்லக்கூடிய இடம் எதுவோ, அதுவே ஒலிபெருக்கியின் இடமாகிவிடுகிறது. இக்கட்டுரை, ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் திருச்சிராப்பள்ளிப் பழந்தெருக்களிலும் உள்ள வீடுகளை மனத்திற்கொண்டு, இந்நான்கையும் முறையே விளக்க முயல்கிறது.

அறையின் இயல்பு

1895-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசியது எவர்க்கும் விளங்கவில்லை. அக்குறையை நீக்குமாறு வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரைப் பணித்தனர். அவர் இரவு வேளைகளில், அருகிலிருந்த அரங்கொன்றின் இருக்கைத் திண்டுகளை அம்மண்டபத்திற் கொணர்ந்து பரப்பி, ஓர் இசைக்குழலை ஊதி நிறுத்தியபின் ஒலி எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாய் எழுந்தது, இன்றும் கட்டடக் கலைஞர் கையாளும் எதிர்முழக்க விதி. ஓர் அறையில் எழுந்த ஒலி, அதன் செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை தங்கும் நேரமே எதிர்முழக்க நேரம். அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.16-ஆல் பெருக்கி, அறையின் பரப்புகள் ஒலியை உட்கவரும் மொத்த அளவினால் வகுத்தால், அந்நேரம் வினாடிக் கணக்கிற் கிடைக்கும். உட்கவரும் அளவிற்குச் சபைன் கொண்ட அலகு யாதெனின், திறந்த சன்னல். அதன்வழிச் சென்ற ஒலி மீள்வதில்லை. ஆகவே ஒரு சதுர மீட்டர் திறப்பு ஓர் அலகாம்.

இவ்விதியை நம் வீட்டுக் கூடமொன்றில் இட்டுப் பார்ப்போம். நீளம் 6 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 3.5 மீட்டர் எனக் கொள்க. கன அளவு 84. தரை, தளம், சுவர் ஆகியவற்றின் மொத்தப் பரப்பு 118 சதுர மீட்டர். பூச்சிட்ட செங்கற்சுவரும் கற்றரையும் தம்மேற் பட்ட ஒலியில் நூற்றில் 3 பங்கு அளவே உட்கவரும். எஞ்சியதைத் திருப்பி விடும். எனவே, எல்லாத் திறப்புகளையும் அடைத்த வெறுங்கூடத்தின் உட்கவரும் அளவு ஏறத்தாழ 3.5. எதிர்முழக்க நேரம் 3.8 வினாடி! கோயிற் கல்மண்டபத்தில் நாகசுரம் முழங்குவதற்கு நீண்ட முழக்கம் பெருமை தரலாம். வீட்டுக் கூடத்திலோ ஒரு சொல்லின் முழக்கம் அடங்குமுன் அடுத்த பத்துச் சொற்கள் வந்து அதன்மேல் ஏறும். செய்தி கேட்கும் முதியவர், "ஒலி கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்பது இதனாலேயாம். அவர்தம் செவி மட்டுமே குற்றமுடையதன்று, சுவரும் குற்றமுடையதே.

இனி அதே கூடத்தின் ஒரு பக்கம், பழைய வழக்கப்படி, 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமுமாக முற்றத்தை நோக்கித் திறந்திருக்கிறது எனக் கொள்க. அது 7.5 அலகு. திறந்த வாயிற்கதவு ஒன்று 2 அலகு. திறந்த சன்னல்கள் இரண்டு 2.4 அலகு. எஞ்சிய பரப்பையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 15. முழக்கம் 0.9 வினாடியாகக் குறைந்தது. ஒரு ஜமக்காளம் விரித்து, கனத்த திரைச்சீலை தொங்கவிட்டு, நால்வர் அமர்ந்தால் ஏறக்குறைய 7 அலகு கூடும், முழக்கம் 0.6 வினாடியாகும். வீட்டில் இசை கேட்டற்கு 0.4 முதல் 0.6 வினாடி வரை உள்ள முழக்கம் பொருந்தும் என்பர். காற்றுக்கும் வெளிச்சத்திற்குமென நம் முன்னோர் விட்ட முற்றம், செவிக்கும் பெருநன்மை செய்கிறது என்பது இக்கணக்கினால் தெளிவாம்.

முற்றத்தைக் கண்ணாடியாலோ தகட்டாலோ மூடி, அறையைக் குளிர்சாதனத்திற்காக அடைக்கும் வீட்டார் இதனைக் கருத வேண்டும். மூடுதல் கூடாது என்பது கருத்தன்று. மூடினால் இழந்த அலகுகளைத் திரைச்சீலை, தரைவிரிப்பு, புத்தகம் நிறைந்த அலமாரி, பஞ்சுத் திண்டு ஆகியவற்றால் ஈடுசெய்ய வேண்டும். அவ்வாறன்றி விலையுயர்ந்த ஒலிபெருக்கியை வாங்குதல், கலங்கிய நீரைப் பொற்கிண்ணத்திற் பருகுவதை ஒக்கும்.

ஒலிபெருக்கியின் இடம்

வலம் இடம் என இரு ஒலிபெருக்கிகளால் ஒலியின் இடப்பரப்பையும் உணர்த்தும் முறைக்கு 1931-இல் இங்கிலாந்து நாட்டு ஆலன் புளூம்லைன் உரிமைப் பத்திரம் கோரினார். அம்முறையின் நுட்பம் செவியின் இயல்பைப் பற்றியது. இரு ஒலிபெருக்கிகளினின்றும் ஒரே குரல் சமநேரத்திற் செவியை அடையின், அக்குரல் இரண்டிற்கும் நடுவே எழுவதாகத் தோன்றும். வெப்பமிகுந்த நம் ஊரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். அஃதாவது வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 35 சென்டிமீட்டர். கேட்போர் ஓர் ஒலிபெருக்கிக்கு அவ்வளவு அணுகிவிட்டாலே, பாடகர் அப்பக்கமே ஒதுங்கி நின்று பாடுவதுபோலத் தோன்றும். ஆதலின் இரு ஒலிபெருக்கிகளும் கேட்போரின் இருக்கையும் சமபக்க முக்கோணமாக அமைதல் நன்று.

ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதி முதலியவற்றில் உள்ள பழைய வீடுகள் முகப்பிற் குறுகி, பின்னோக்கி நீண்டவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என வரிசையாக அமைந்தவை. இவற்றின் நெடுஞ்சுவர்கள் பெரும்பாலும் அயல்வீட்டிற்கும் பொதுவானவை. ரேழியையும் கூடத்தையும் பிரிக்கும் குறுக்குச்சுவரோ முழுதும் நமக்கே உரியது. அதன் நடுவே வாயில் இருப்பின் இருபுறமும் சமமான சுவர்ப்பகுதி கிடைக்கும். 4 மீட்டர் அகலமுள்ள கூடத்தில், மூலைகளினின்று 80 சென்டிமீட்டர் தள்ளி இருபுறமும் ஒலிபெருக்கி வைத்தால், இரண்டிற்கும் இடையே 2.4 மீட்டர் உண்டாகும். அச்சுவரினின்று ஏறத்தாழ 2.1 மீட்டர் எதிரே நடுவில் அமர்ந்தால் முக்கோணம் நிரம்பும். ஒலியும் முற்றத்தை நோக்கிச் சென்று, பின்சுவரிற் பட்டு மீளாது கழியும்.

உயரம் அடுத்தது. ஒலிபெருக்கியில் உயர்ந்த சுருதிகளை எழுப்பும் சிறு பகுதியை டுவீட்டர் என்பர். அவ்வொலி கைவிளக்கின் ஒளிபோல நேரே செல்லும் இயல்பினது. ஆதலின் டுவீட்டர் செவியின் உயரத்தில் இருத்தல் வேண்டும். மேலைநாட்டு நூல்கள் நாற்காலியைக் கருதியே அளவு கூறும். நாற்காலியில் அமர்ந்தவர் செவி தரையினின்று ஏறத்தாழ 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும். பாயில் அமர்ந்தவர்க்கு 75 அல்லது 80 சென்டிமீட்டரே. ஊஞ்சலில் ஆடுபவர் செவியோ முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும். வீட்டார் வழக்கமாக எங்கே, எவ்வாறு அமர்வர் என்பதை அறிந்தே உயரத்தைத் துணிக. இருவகையினரும் உள்ள வீட்டில் ஒரு மீட்டர் உயரத்தில் வைத்து, டுவீட்டரைச் சிறிது கீழ்நோக்கிச் சாய்க்கலாம். சாய்க்கத்தக்க டுவீட்டர்கள் கடைகளிற் கிடைக்கும். கூரையை ஒட்டி உயரத்தில் வைத்தல் அறிவிப்புக்கு ஆகும், இசைக்கு ஆகாது.

மூலையை விலக்குக. இணையான இரு சுவர்களுக்கிடையே ஒலி மோதி மீளுங்கால், சில தாழ்ந்த சுருதிகள் மட்டும் ஒத்ததிர்ந்து பெருகும். ஒலியின் வேகத்தைச் சுவர்களிடைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் அவற்றுள் முதலாவதன் அதிர்வெண் கிட்டும். மேற்கூறிய கூடத்தில் அவை 29, 44, 50 என வெவ்வேறாகப் பரந்திருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாகக் கட்டிய புதுவீட்டு அறையிலோ மூன்றும் 57 என்னும் ஒரே எண்ணில் வந்து குவியும். அவ்வெண்ணை அடுத்த ஒலி மட்டும் பெருத்து 'கும்' என்று தங்கும். மூலையில் வைத்த ஒலிபெருக்கி இவ்வொத்ததிர்வுகள் அனைத்தையும் ஒருங்கே எழுப்பிவிடும்.

நல்லிடம் காண எளிய வழி ஒன்று உளது. ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் பயன் ஒன்றே என்பது அறிஞர் ராலே விளக்கிய நெறிகளுள் ஒன்று. ஆகவே, ஒரு சாதாரண ஒலிபெருக்கிப் பெட்டியைக் கேட்போரின் இருக்கையில் வைத்துத் தாழ்சுருதி மிக்க இசையை எழுப்புக. பின்னர், ஒலிபெருக்கி பதிக்கக் கருதிய உயரத்தில் செவியை வைத்துச் சுவரோரமாக மெல்ல நகர்க. எவ்விடத்தில் அத்தாழ்சுருதி மிகாமலும் குறையாமலும் ஒரு சீராகக் கேட்கிறதோ, அவ்விடமே ஒலிபெருக்கிக்கும் நல்லிடம். உளி எடுக்குமுன் ஒரு வாரமாவது அப்பெட்டிகளை முக்காலிமேல் சுவரோடு ஒட்டி வைத்துக் கேட்டுப் பழகுக. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சுவரும் மாடமும்

1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வெளியிட்ட இயங்குசுருள் ஒலிபெருக்கியே இன்றைய ஒலிபெருக்கிகளின் மூதாதை. அதன் கூம்பு முன்னே காற்றைத் தள்ளுங்கால் பின்னே இழுக்கும். முன்னலையும் பின்னலையும் சந்திப்பின் தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். சுவரிற் பதித்த ஒலிபெருக்கிக்குச் சுவரே ஒரு பெரும்பலகையாய் நின்று அச்சந்திப்பைத் தடுக்கிறது. ஒலியாற்றல் எல்லாம் முன்னோக்கியே வருகிறது. இது சுவரிற் பதித்தலின் சிறந்த பயன். ஆயினும், பின்னலை அறைக்கப்பால் கசியாதபடி ஒலிபெருக்கியின் பின்னே காற்றுப் புகாத பெட்டி இருத்தல் இன்றியமையாதது. முக்கால் அங்குலப் பலகையாற் செய்து, இணைப்புகளைப் பசையால் அடைத்து, உள்ளே பஞ்சைத் தளர்வாக இடுக.

இங்கு ஒரு வேறுபாட்டை மறவற்க. சுவரினுட் பதிக்கும் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளின் உள்ளீடற்ற மரச்சட்டச் சுவர்களைக் கருதி ஆக்கப்பட்டவை. நம் சுவர் திண்ணிய செங்கல். ஒலிபெருக்கிக்கு வேண்டும் ஆழம் 9 அல்லது 10 சென்டிமீட்டர். நாலரை அங்குலத் தடுப்புச்சுவரில் அதைத் தோண்டினால் மறுபுறம் பூச்சு மட்டுமே எஞ்சும். ஆகவே அச்சுவர் தகாது. ஒன்பது அங்குலச் சுவரிலும், அது தளத்தைத் தாங்கும் சுவராயின், பொறியாளரைக் கேளாது தோண்டலாகாது. தோண்டிய குழியின் மேலே சிறு உத்தரம் இட வேண்டும். கம்பிக்காக வெட்டும் காடி, நெடுக்கில் சுவர்த்தடிப்பின் மூன்றிலொரு பங்கையும், கிடையில் ஆறிலொரு பங்கையும் மிஞ்சலாகாது என்பது கட்டடப் பணியின் விதி. கிடைக்காடியை இயன்றவரை தவிர்த்தல் நன்று. அயலாரோடு பொதுவான சுவரை எவ்வாற்றானும் தொடற்க.

பழைய வீட்டார்க்கு மற்றொரு நற்பேறும் உண்டு. விளக்கு வைப்பதற்கும் பொருள் வைப்பதற்கும் கனத்த சுவர்களில் முன்னோர் விட்ட மாடங்கள் அவை. 40 சென்டிமீட்டர் அகலமும் 60 உயரமும் 20 ஆழமும் உள்ள ஒரு மாடத்தின் கொள்ளளவு 48 லிட்டர். நல்லதோர் ஒலிபெருக்கிக்கு அது தாராளமாகப் போதும். மாடத்தின் அளவிற்கு ஒரு பெட்டி செய்து உள்ளே பொருத்தி, முகப்பைச் சுவரோடு சமமாக்கினால், ஒரு செங்கல்லையும் உடையாமல் பணி முடியும். வேண்டாத நாளில் பெட்டியை எடுத்துவிட்டு மீண்டும் விளக்கேற்றலாம். தக்க இடத்தில் மாடம் இல்லாத வீட்டில், சுவருக்கு முன்னே நான்கங்குலத்தில் ஒரு மரச்சட்டப் பொய்ச்சுவர் எழுப்புதல், உள்ள சுவரைத் தோண்டுவதினும் மேலானது.

கம்பி

செம்புக்கம்பிக்கும் மின்தடை உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி, மீட்டருக்கு 0.0172 ஓம் தடை தரும். ஆம்பிளிபையரினின்று ஒலிபெருக்கி 15 மீட்டர் தொலைவாயின், போக்கும் வரவுமாகக் கம்பி 30 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியில் தடை 1.03 ஓம்; 8 ஓம் ஒலிபெருக்கியாயின் ஆற்றலில் நூற்றுக்கு 11 பங்கு கம்பியிலேயே வெப்பமாய்ப் போகும். 1.5 சதுர மில்லிமீட்டரில் தடை 0.34 ஓம்; 2.5-இல் 0.21 ஓம். கம்பியின் தடை ஒலிபெருக்கியின் ஓம் அளவில் நூற்றுக்கு 5-ஐ மிஞ்சாதிருப்பின் போதும். ஆகவே 8 ஓமுக்கு 1.5 தகும், 4 ஓம் ஒலிபெருக்கிக்கு இதே தொலைவில் 4 சதுர மில்லிமீட்டர் வேண்டும். அதற்குமேல் பொன்முலாம் பூசிய கம்பிக்குப் பொருள் செலவிடுதல் வீண்.

வெறுங்கம்பியைப் பூச்சினுட் புதைத்தல் ஆகாது. பி.வி.சி. குழாயினுள் இழுத்தால், பின்னொரு நாள் சுவரை உடையாமற் கம்பியை மாற்றலாம். 230 வோல்ட் மின்கம்பி செல்லும் குழாயில் இதனைச் சேர்க்கலாகாது. இணையாகச் செல்லுமிடத்து ஓரடி இடைவெளி விடுக. கடக்குமிடத்துச் செங்குத்தாகக் கடக்க விடுக. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத்தில் சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறுதல் பழைய வீடுகளில் கண்கூடு. கரையானும் உடன் வரும். குழாய்களைத் தரையோரம் ஓட்டாது மேலிருந்து கீழிறக்குக. குழாயின் வாயைத் திறந்து விடாது அடைத்து வைக்க.

இரு ஒலிபெருக்கிகளை ஓர் இணைப்பிற் பக்கவாட்டாகப் பூட்டினால் 8 ஓம் இரண்டும் 4 ஓமாகும். ஆம்பிளிபையர் அதனைத் தாங்குமா என்று அதன் பின்புறத்திற் குறித்திருப்பதைப் பார்த்தே பூட்டுக.

சோதனையும் அயலார் நலமும்

பூச்சு மூடுமுன் முனைகளைச் சோதிக்க வேண்டும். ஒன்றரை வோல்ட் மின்கலத்தின் நேர்முனையைக் கம்பியின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொடுக. பெரிய கூம்பு வெளிநோக்கி அசைந்தால் இணைப்புச் சரி. இரு ஒலிபெருக்கிகளும் அவ்வாறே அசைய வேண்டும். ஒன்று மாறியிருப்பின், ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும், தாழ்சுருதி நலியும், பாடகர் குரல் நடுவில் நில்லாது எங்கோ சிதறும்.

செவிச்சோதனைக்கு மிருதங்கத்தினும் சிறந்தது அரிது. சாதாரணத் தோற்கருவிகளின் மேற்சுருதிகள் ஒன்றோடொன்று இசையா. மிருதங்கத்தில் கரணையிட்ட வலந்தலையின் மேற்சுருதிகளோ நரம்புக் கருவிபோல முழுவெண் விகிதத்தில் இசைந்து நிற்கும். இவ்வுண்மையை 1920-இல் உலகறியச் செய்தவருள் ஒருவர், நம் திருவானைக்காவில் 1888-இல் பிறந்த சர் சி. வி. ராமன். வலந்தலையின் சுருதி தெளிவாகவும், தொப்பியின் முழக்கம் மிகாமலும், தம்பூராவின் ரீங்காரம் இடையறாமலும், செய்தி வாசிப்போர் சொல் முதியவர்க்கும் விளங்குமாறும் கேட்பின், அமைப்பு நன்று என்க.

இறுதியாக ஒன்று. ஆற்றலைப் பத்து மடங்காக்கினாற்றான் செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்றும். ஆதலின், பெரும் ஆம்பிளிபையரால் வீட்டாருக்குக் கிட்டும் இன்பம் சிறிது. அயலாருக்கு விளையும் துன்பமோ பெரிது. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என வரையறுத்துள்ளன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஒட்டிய சுவருக்கு அப்பால் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும், நோயுற்றோரும், கைக்குழந்தையும் இருக்கலாம். அறையைச் செம்மை செய்து ஒலிபெருக்கியை உரிய இடத்தில் வைத்தவர்க்குச் சிறுகுரலே தெளிவாகக் கேட்கும். அவர்க்கு உரத்த ஒலி வேண்டுவதேயில்லை.

மாணவ நண்பர்களே! இயற்பியற் கூடத்தில் ஒலியைப் பற்றிக் கற்கும் விதிகள் தேர்வுத்தாளோடு முடிவனவல்ல. விடுமுறைக்கு வீடு செல்லுங்கால் ஓர் அளவுநாடாவைக் கொண்டு உங்கள் கூடத்தை அளந்து, அதன் எதிர்முழக்க நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பின்பு கைதட்டி, அது சரியா என்று செவியால் அறியுங்கள். முற்றத்தை மூடவோ, மாடத்தைப் பூசி அடைக்கவோ பெரியோர் எண்ணியிருப்பின், அக்கணக்கை அவர்முன் பணிவுடன் வையுங்கள். கொத்தனார் வந்தபின் கூறுவதிற் பயனில்லை.